பத்து மணிக்கு இன்ஜின் நின்றுவிடும்

என் பேத்திக்கு ஒரு கித்தார் ஆம்ப் வாங்க வேண்டும். கையில் 1,500 வெள்ளி இருந்தது. மூன்று தீபாவளிக்குச் சேர்த்த அங்பாவ் பாதி, நான் போட்டது பாதி. "பாட்டி, எத்தனை வாட்ஸ் எடுக்கலாம்? இருபதா, ஐம்பதா, நூறா?" என்று கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அண்ணன். 1965 அல்லது 66 இருக்கும். அப்போது அதற்குப் பதில் வைத்திருந்தவர் தோட்டத்து இன்ஜின் டிரைவர். சாயங்காலம் ஆறரைக்கு அவர் இன்ஜினைக் கிளப்பினால்தான் கரண்டு. பத்து மணிக்கு நிறுத்திவிடுவார். அந்த மூன்றரை மணி நேரத்துக்குள், அந்த இன்ஜின் தாங்குகிற அளவுக்குள் என்ன சத்தம் கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடம் சால்டரிங் இரும்பு பிடித்த கை இது. ஆம்ப் செய்தவர்கள், வாங்கியவர்கள், எரித்தவர்கள் எல்லோரையும் இந்த ஊரில் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். ஒவ்வொரு தலைமுறையிலும் காது ஒன்றைக் கேட்டது. வைக்கப்போகும் இடம் வேறொன்றைக் கேட்டது. இடம் கேட்டதைக் கொடுத்தவர்கள்தான் கடைசி வரை வாசித்தார்கள். அதைப் பேத்திக்கு ஒரு வரியில் சொல்ல வரவில்லை. கடைக்குப் போகிற வழியெல்லாம் பழங்கதை சொல்லிக்கொண்டே போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்று ஸ்கூடாய் என்றால் யு.டி.எம். பல்கலைக்கழகம், வரிசை வரிசையாகத் தாமான்கள், காலையில் சிங்கப்பூர் போகிறவர்களின் மோட்டார் கூட்டம். ஜோகூர் பாருவிலிருந்து பத்தாவது மைல் என்பதால் பழைய ஆட்களுக்கு இது பத்தாங்கட்டை. 1844-ல் ஜோகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராகிம் சீனக் குடியேறிகளுக்கு எழுதிக் கொடுத்த முதல் ஆற்றுச் சீட்டுகள் இந்த ஸ்கூடாய் ஆற்றுக்குத்தான். காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். அது ஓய்ந்து ரப்பர் வந்தது. ரப்பரோடு நாங்கள் வந்தோம். முத்தியாரா ரினி தாமானில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு இன்னும் ரினி தோட்டத்துப் பெயர்தான். சுற்றிலும் கடையும் வீடும் ஆன பிறகும் பள்ளிக்கூடப் பலகையில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

நாங்கள் இருந்தது வேறொரு தோட்டம். லயத்து வீடுகளுக்குக் கரண்டு கிடையாது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியார் வீட்டுக்கும், ஆபீசுக்கும், கோயில் பக்கத்து மண்டபத்துக்கும் மட்டும்தான் வயர் போட்டிருந்தார்கள்.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து கேலாங் ஹாப்பி வேர்ல்டில் வாசித்தார்கள். கிராணியாரின் மகன் சிங்கப்பூரில் தங்கிப் படித்தவர். போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாய்ப்பாட்டே இல்லாமல் கித்தார் மட்டும் பேசுகிற 'அப்பாச்சி' இசைத்தட்டையும் கொண்டுவந்தார். அண்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கிராணியார் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்பார். அந்த நாட்களில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் மூன்று கித்தாரும் ஒரு டிரம்மும் வைத்துக்கொண்டு பையன்கள் தெருவுக்குத் தெரு குழு ஆரம்பித்தார்கள். மலாய்க்காரர்கள் அதற்குக் 'கும்புலான் கித்தார் ரான்சாக்' என்ற சொற்களைச் சேர்த்து 'குகிரான்' என்று பெயர் வைத்தார்கள். பீட்டில்ஸ் வந்த பிறகு அந்தப் பாட்டு வகைக்கே பாப் யே யே என்று பெயர். 1964-ல் சிங்கப்பூரின் குவெஸ்ட்ஸ் குழு 'ஷாண்டி' என்ற தன் பாட்டால் பீட்டில்ஸையே அங்கே முதலிடத்திலிருந்து இறக்கியது. குயின்ஸ்டவுன் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த குழு அது. பள்ளிக்கூடப் பையன்களால் முடியும் என்றால் பால் வெட்டுகிறவன் மகனாலும் முடியும் என்று அண்ணன் நினைத்ததில் தப்பில்லை.

கித்தார் கிடைத்தது. ஒட்டவைக்கிற பிக்கப் ஒன்றும் கிடைத்தது. ஆம்ப்தான் இல்லை. கடையில் இருந்தவற்றின் விலையை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தோடு சேர்த்துப் பேசவே முடியாது.

தோட்டத்து வயர்மேன் மாமா வழி சொன்னார். கிராணியார் வீட்டு வால்வு ரேடியோவின் பின்பக்கம், கிராமபோன் மாட்டுவதற்கென்று இரண்டு சின்னத் துளைகள் இருந்தன. அந்தக் காலத்து ரேடியோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அது உண்டு. அங்கே வயரைச் செருகினால் ரேடியோவே ஆம்ப்பாகிவிடும். செருகினார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல மெல்லியதாகத்தான் வந்தது. கிராமபோன் ஊசி கொடுக்கிற மின்னழுத்தம் பெரியது, கித்தார் பிக்கப் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கு. மாமா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து, ஓட்டை போட்டு, அதில் இசிசி 83 என்ற வால்வு ஒன்றைப் பொருத்தினார். அதற்கு வேண்டிய கரண்டை ரேடியோவிலிருந்தே எடுத்தார். கித்தாரின் சத்தம் முதலில் பிஸ்கட் டின்னுக்குள் போய்ப் பெருத்து, பிறகு ரேடியோவுக்குள் போகும். மறுநாள் சாயங்காலம் கோயில் வரை கேட்டது.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்னொரு வீட்டிலிருந்து கொண்டுவந்த ரேடியோவில் அண்ணனின் கூட்டாளி ஒருவன் முதலில் முயற்சி செய்தான். தந்தியைத் தொட்டதும் தூக்கி எறிந்தது. கை இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. விலையைக் குறைப்பதற்காக டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்த ரேடியோ அது. அந்த வகையில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் வரை யாருக்கும் தெரியாது. கித்தார் வயரை அதில் சேர்த்தால் தந்தி முழுக்கக் கரண்டு. மாமா அன்றைக்கு எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து இரண்டு ரேடியோக்களையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். "கனமா இருக்கா? அப்ப உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. லேசா இருந்தா கைய வைக்காதீங்க." எனக்கு எட்டு வயதுகூட ஆகவில்லை. மின்சாரத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான், இன்றைக்கும் எதையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன்.

கிராணியார் ரேடியோவில் சத்தத்தை வெளியே தள்ளுகிற வால்வின் பெயர் இ.எல். 84. விரல் நீளம்தான். ஒற்றையாக வேலை செய்தால் ஏறக்குறைய ஐந்து வாட்ஸ் கொடுக்கும். அதன் முழு வரலாறு எனக்குப் பதினைந்து வருடம் கழித்து, சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் வாங்கிய ஒரு பழைய சர்க்யூட் புத்தகத்தில்தான் தெரிந்தது. ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின் வாசித்தது வாக்ஸ் ஆம்ப்பில். இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் என்பவர் நடத்திய கம்பெனி, வடிவமைத்தவர் டிக் டென்னி. முதலில் ஏசி 15 என்று பதினைந்து வாட்ஸில் செய்தார்கள். அதில் இரண்டு இ.எல். 84. ரசிகர்களின் கூச்சலில் அது கேட்கவில்லை என்றதும் நான்காக்கி ஏசி 30 செய்தார்கள். அண்ணன் தலையில் வைத்துக் கொண்டாடிய அந்த ஒலி, கிராணியார் ரேடியோவில் தினமும் செய்தி வாசித்துக்கொண்டிருந்த அதே வால்விலிருந்து வந்தது. அங்கே நான்கு, இங்கே ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டுப் பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தோட்டத்துப் பையன்கள் போலியைச் செய்யவில்லை. அசல் பொருளைத்தான், கிடைத்த அளவில், பிஸ்கட் டின்னோடு சேர்த்துக் கையில் வைத்திருந்தார்கள்.

காசு இல்லாததால் பிறந்த ஆம்ப் அது ஒன்றுதான் என்று யாரும் நினைக்க வேண்டாம். மார்ஷலும் அப்படித்தான் பிறந்தது. லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம், அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப் விலை கட்டுப்படியாகவில்லை என்று பையன்கள் புலம்பினார்கள். அவரும் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இருவரும் 1962 வாக்கில் ஃபெண்டரின் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த உதிரிகளை வைத்துத் தங்கள் ஆம்ப்பைச் செய்தார்கள். உதிரி மாறியதால் ஒலியும் மாறியது. அந்த மாறிய ஒலியைத்தான் பிறகு உலகம் ராக் என்று கேட்டது. எங்கள் வயர்மேன் மாமாவுக்கும் ஜிம் மார்ஷலுக்கும் சில வருட இடைவெளியில் ஒரே யோசனை வந்திருக்கிறது என்று நான் பேத்தியிடம் சொன்னபோது அவள் நின்று திரும்பிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு இன்ஜின் நிற்கும் என்றேன். சட்டென்று நிற்காது. சக்கரம் மெல்ல மெல்லத்தான் ஓயும். பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, அணையும். ரேடியோவிலிருந்து வரும் கித்தார் ஒலியும் அதோடு தழைந்து, கரகரத்து, தேயும். அண்ணன் அந்த நேரத்துக்காகவே ஒரு நீண்ட சுரத்தை மிச்சம் வைத்திருப்பார். இருட்டில் அது கரைந்து முடிந்த பிறகுதான் யாராவது மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள்.

அண்ணனின் குழு நான்கு வருடம் இருந்தது. மண்டபத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசித்தார்கள். கலைந்ததற்குக் காரணம் இசை இல்லை. 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும். சிவப்பு ஐசி வைத்திருந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் தவித்தார்கள். ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். பேஸ் வாசித்தவர் தன் அப்பா அம்மாவோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் பிறந்ததே ஸ்கூடாயில்தான். அவர் விட்டுப்போன கித்தாரை அண்ணன் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. பினாங்கில் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் 1969-ல் ஆரம்பித்த அல்லீகேட்ஸ் குழு, பின்னால் மலாய்ப் பாட்டில் நாடு முழுக்கப் பேர் வாங்கியபோது, அண்ணனுக்கு இருந்த சந்தோஷத்தில் கொஞ்சம் வலியும் சேர்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் 1976-ல் வேலைக்குப் போனேன், பதினெட்டு வயது. தோட்டத்துப் பெண்கள் பால் வெட்டை விட்டு எலெக்ட்ரானிக் ஃபேக்டரிக்குக் கூட்டம் கூட்டமாகப் போன காலம். விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் பத்தாங்கட்டைக்கு வரும். கோஸ்வேயைத் தாண்டி சிங்கப்பூர். மலாய்ப் பேச்சில் எங்களைப் போன்றவர்களுக்கு 'மீனா காரான்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. காரான் என்பது நம்முடைய கரண்டுதான். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் யாருக்கும் ஒரு கெப்பாசிட்டரை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று தெரியாது. நாங்கள் நாளைக்கு நூற்றுக்கணக்கான போர்டுகளில் வைத்தோம். ஈயம் எப்போது மின்னும், எப்போது மங்கும், மங்கிய இடம் எத்தனை மாதத்தில் விட்டுப்போகும் என்று பார்வையிலேயே சொல்லிவிடுவோம். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

1979-ல் எனக்குக் கூட்டுப் பணம் விழுந்தது. அண்ணனுக்கு ஒரு ஆம்ப் வாங்கலாம் என்று கிளம்பினோம். எங்கள் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் 1973 மே மாதம் வரை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை. 79-லும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நல்ல சாமான் வேண்டுமென்றால் 170 பஸ் ஏறி குவீன் ஸ்திரீட்டில் இறங்குவதுதான் வழக்கம். அங்கிருந்து செலிகி ரோடு பக்கம் நடந்தால் இசைக்கருவிக் கடைகள். காசு பற்றாதவர்கள் சுங்கை ரோடு திருட்டுச் சந்தைக்குத் திரும்புவார்கள். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

கடையில் அண்ணன் கண் முதலில் போனது ஒரு பெரிய வால்வு ஆம்ப்பின் மேல். நான் அதைத் தூக்கிப் பார்த்தேன். மாமாவின் பாடம்தான், ஆனால் இந்தத் தடவை கேள்வி வேறு. இதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக முடியுமா? கூலாயிலோ செனாயிலோ கல்யாண மண்டபத்தில் வாசித்துவிட்டு ராத்திரி மோட்டாரில் திரும்ப முடியுமா? முடியாது. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சதுரப் பெட்டி இருந்தது. ரோலண்ட் கியூப். 1978-ல் வந்த வரிசை, உள்ளே முழுக்க டிரான்சிஸ்டர். இந்த ஊர் 240 வோல்ட்டுக்கே செய்தது. அண்ணன் அரை மனதாக வாசித்தார். பிறகு கண்ணை மூடி வாசித்தார். அதை வாங்கினோம்.

அது சரியான முடிவு என்று காலம்தான் காட்டியது. அடுத்த பத்து வருடம் ஸ்கூடாய் சுற்று வட்டாரக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் இளையராஜா பாட்டு இல்லாமல் மேடை கிடையாது. 1982-ல் 'இளைய நிலா' வந்தபோது கித்தார் பிடித்தவன் ஒவ்வொருவனும் அதை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. சென்னையில் அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அந்த விரல்களில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். ஒலி கொஞ்சம் கரகரத்தாலும் பாட்டு போய்விடும். வால்வு ஆம்ப்பைச் சத்தம் கூட்டினால் இனிமையாகக் கரகரக்கும், ராக்குக்கு அது வரம். இளையராஜா பாட்டுக்குத் தேவைப்பட்டது தெளிவு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பிடம் அது இருந்தது. ரோலண்டே 1975-ல் செய்த ஜாஸ் கோரஸ் 120-ஐ மண்டபங்களில் வாடகைக்கு வைத்திருந்ததும் அதற்காகத்தான். இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், பக்கத்துக்கு அறுபது வாட்ஸ், தண்ணீர் போன்ற ஒலி. தமிழ் மேடை இசைக்கும் அந்த ஜப்பான் பெட்டிக்கும் இருந்த பொருத்தத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

அண்ணன் மகன் காலத்தில் எல்லாம் மாறியது. தோட்டம் போய்விட்டது. நாங்கள் எல்லோரும் தாமான் உங்கு துன் அமினாவுக்கு, இங்கே எல்லோரும் துத்தா என்று சொல்லும் இடத்துக்கு, வரிசை வீட்டுக்கு வந்துவிட்டோம். கரண்டு இருபத்துநாலு மணி நேரமும் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் இருந்தது.

ஜோகூர் பாருவில் 1981-ல் தொடங்கிய 'சர்ச்' (Search) குழுவின் 'இசபெல்லா' 1989-ல் வெளிவந்து இந்த நாட்டையும் இந்தோனேசியாவையும் ஆட்டியது. நம்ம ஊர்க் குழு என்பதால் ஸ்கூடாய்ப் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. மலாய், சீனம், தமிழ் என்று பார்க்காமல் எல்லா வீட்டிலும் ஒருவன் தலைமுடி வளர்த்தான். அண்ணன் மகனுக்கு அந்தக் கரகரப்புத்தான் வேண்டும். முதலில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் ஜப்பான் ஆம்ப் ஒன்றை மலிவாக எடுத்தான். பின்பக்க ஸ்டிக்கரில் 100 வோல்ட் என்று இருந்ததை விற்றவரும் சொல்லவில்லை, இவனும் பார்க்கவில்லை. 240-ல் செருகினான். சத்தம் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. நான் திறந்து பார்த்தபோது சுருள் கறுத்துக்கிடந்தது. கூலித் தொழிலாளியின் மகன் ஆறு மாதம் சேர்த்த காசு.

பிறகு காசு சேர்ந்ததும் எண்பது வாட்ஸ் மார்ஷல் வால்வ்ஸ்டேட் வாங்கினான். 1991-ல் வந்த வகை. முன்பகுதியில் ஒரே ஒரு இசிசி 83, மற்றதெல்லாம் டிரான்சிஸ்டர். பிஸ்கட் டின்னில் இருந்த அதே வால்வு. ஆம்ப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் துத்தா வீட்டில் அதன் வால்யூம் இரண்டைத் தாண்டியதே கிடையாது. இரண்டில் வைத்தால் அந்த ஆம்ப் தூங்கும். தூங்குகிற ஆம்ப்பில் வாசித்துப் பழகியவனின் கை, மேடையில் அது விழித்துக்கொள்ளும்போது தடுமாறும். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு காசு போட்டு மணிக் கணக்கில் ஜாமிங் ஸ்டூடியோ எடுப்பான். யு.டி.எம். மாணவர்களை நம்பி இங்கே அப்படிப் பல ஸ்டூடியோக்கள் இருந்தன. அங்கே ஆம்ப் ஏற்கெனவே இருக்கும். ஆக, வீட்டில் சத்தமாக வைக்க முடியாது, வெளியே கொண்டுபோகத் தேவையில்லை. எண்பது வாட்ஸ் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் விற்றுவிட்டான், கித்தாரும் பையோடு அலமாரிக்கு மேலே போய்விட்டது. அவன் விட்டதில் அந்த ஆம்ப்புக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாட்ஸ் கணக்கைப் பற்றிக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. பத்து வாட்ஸை இருபதாக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூர்ந்து கேட்டால் தெரிகிற அளவு கூடும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். கிராணியார் ரேடியோவின் ஐந்து வாட்ஸுக்கும் ஐம்பது வாட்ஸுக்கும் இடையில் காது அளக்கிற தூரம் இரண்டு மடங்குதான். அந்த ஐந்து வாட்ஸ் கோயில் வரை கேட்டது என்றால், வரிசை வீட்டின் பத்தடி அறைக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதோடு, சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து ஒரு நாற்காலி மேல் வைத்தாலே பாதிச் சண்டை தீரும்.

பேத்தியோடு போனது ஜோகூர் பாருக் கடைக்கு. சிங்கப்பூர்ப் பேச்சே எழவில்லை. 1998 செப்டம்பரில் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று வெள்ளியைக் கட்டிவைத்ததற்கு முன்பிருந்தே நாங்கள் அங்கே வாங்கப்போவது குறைந்துவிட்டது. இப்போது அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நம்முடையது மூன்றுக்கு மேல். அண்ணனும் நானும் போன திசையில் இன்று யாரும் வாங்கப் போவதில்லை. அவர்கள்தான் இங்கே வருகிறார்கள்.

அவளுடைய கித்தாரையே எடுத்துவரச் சொல்லியிருந்தேன். கடைக் கித்தாரில் எந்த ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். விற்பனைக்கு நின்ற தம்பி எக்கோவும் கோரஸும் ஏற்றி, சத்தத்தையும் ஏற்றி, நூறு வாட்ஸில் வாசித்துக் காட்டினார். கடையே அதிர்ந்தது. பேத்தி முகம் மலர்ந்தது. "தம்பி, எல்லாத்தையும் எடுத்துட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுல வாசிக்கிற சத்தத்துல வைங்க" என்றேன். அவர் ஒரு கணம் தயங்கி, பிறகு மரியாதையாகவே வைத்தார். அந்தச் சத்தத்தில் நூறு வாட்ஸ் பெட்டி வெறும் மரப்பெட்டியாகிவிட்டது.

அந்தத் தொகைக்குள் மூன்று பாதைகள் இருந்தன. ஐந்து வாட்ஸ் அளவில் சின்ன வால்வு ஆம்ப்: என் மனம் அதன் பக்கம் சாய்ந்தது, மறைக்கவில்லை. ஆனால் அதன் இனிமை கூட்டி வைத்தால்தான் வரும், கூட்டினால் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மக்சிக்கின் பேரக்குழந்தை எழுந்துவிடும். மேசைமேல் வைக்கிற குட்டிப் பெட்டிகள்: வீட்டுக்கு அருமை, ஆனால் அவள் பள்ளிக்கூட மண்டபத்திலும் டிரம்மோடு வாசிக்க வேண்டும். மூன்றாவது பாஸ் கட்டானா, 2016-ல் வந்த வகையின் புதிய பதிப்பு. ஐம்பது வாட்ஸ், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், வால்வு கிடையாது; வால்வின் நடத்தையைக் கணக்காக மாற்றிச் செய்கிறது. அதில் ஒரு சுவிட்சு இருக்கிறது. ஐம்பது, இருபத்தைந்து, அரை வாட்ஸ். அரை வாட்ஸில் வைத்து அவள் வாசித்தபோது ஒலி மெலிந்தது, ஆனால் தூங்கவில்லை. நான் கடையின் மறுகோடிக்குப் போய் நின்று கேட்டேன். ஒவ்வொரு தந்தியும் தனியாக வந்தது.

வாங்கியது அதைத்தான். மீதிப் பணத்துக்கு ஒரு பாஸ் பெடலும் எடுத்தாள். பெடலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பழக்க தோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். மலேசியாவில் செய்யப்பட்டது என்று அச்சடித்திருந்தது. எந்தப் பெண்ணின் கையோ. அந்த அடிப்பலகையை விரலால் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆம்ப்பை நாற்காலி மேல் வைத்தோம். அலமாரியிலிருந்து மைலோ டின்னை எடுத்துத் திறந்தேன். பஞ்சுக்குள் அண்ணனின் இ.எல். 84. தோட்டத்தை விற்றபோது கிராணியார் அந்த ரேடியோவை அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பெட்டி கரையான் தின்று போனது, வால்வை மட்டும் எடுத்துவைத்திருந்தார். அண்ணன் தவறிப் பல வருடம் ஆகிறது.

பேத்தி அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "பாட்டி, இது இன்னும் வேலை செய்யுமா?"

உள்ளே கம்பி அறவில்லை, மேலே வெள்ளிப் பூச்சும் வெளுக்கவில்லை, காற்றுப் புகவில்லை என்று காட்டினேன். அவளிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது, மணிகள் போட்டுவைத்திருக்கிறாள். ஸ்பீக்கருக்கு ஒத்துவருகிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், ஒரு இசிசி 83-ம் வேண்டும். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.